மைனி விழுங்கிய மாத்திரை

மைனி, போன மாதம் நீங்கள் இறந்துபோனீர்கள். மார்பில் தொடங்கிய கேன்சர் முதுகெலும்புவரை போயிருந்தது.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. லோடு வந்தது, இறக்கினேன். துக்கம் கேட்டவர்களுக்குப் பதில் சொன்னேன். இன்று காலை ஆரியசாலையில் நம் வெல்லக் கடையின் குடோனைத் திறந்ததும் மழைக்குக் கசிந்த வெல்லத்தின் வாடை அடித்தது. அண்ணன் மனைவியாக வந்து இந்தக் கடையில் நாத்தனாரான என்னோடு பாதியாக நின்ற உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரிடம் போனோமே, அது நினைவிருக்கிறது. கட்டியை எடுத்தாயிற்று, இனி ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை எதற்கு என்று கேட்டேன். கெட்ட உருண்டையைப் பொறுக்கி எறிந்தால் மூட்டை நல்ல மூட்டைதான் என்பது என் கணக்கு. "ரெண்டு வருஷத்துல முடிச்சுத் தர முடியுமா டாக்டர்?" என்று பேரம்கூடப் பேசினேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "செல்லுகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பிடிச்சாக்கும் நிக்கும். இவங்களுக்கு ஈஸ்ட்ரஜன்ல வளர்ற கேன்சர். அந்த ஹார்மோன் சிலப்போ அந்தப் பிடியையும் தளர்த்தும். பிடி விட்ட செல் ரத்தத்துல கேறி எங்க வேணும்னாலும் போகும். எல்லாருக்கும் ஒருபோல அல்ல. ஆனா சும்மா விட முடியாதல்லோ, அந்த ஹார்மோனைக் குறைக்கவாக்கும் இந்த மாத்திரை."

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். "மழையில வச்ச வெல்லம், கேட்டியா. கசிஞ்சா உருண்டை உருண்டையா நிக்குமா?" அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாத்திரை உங்கள் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டது. காலையில் விரல் மடங்காது. வெல்லத்தை உடைத்து ருசிக்குக் கொடுப்பது உங்கள் வேலை. அது முடியாமல் போனது. ஆற்றுக்கால் பொங்காலைக்கு முந்தின வாரம், பொங்கலுக்கு வெல்லம் வாங்கக் கடையில் பெண்கள் நெருக்கியடித்து நின்ற நேரம், "இனி மாத்திரை வேண்டாம்" என்றீர்கள். வியாபாரத்தை விட்டுவிட்டு உங்களோடு மல்லுக்கு நின்றேன்.

"சும்மா தின்னுன்னா திம்பனா? எனக்கு என்ன தாறே?"

"என்ன வேணும் மைனி?"

"நீ ஒருநாளாவது உனக்க மார்பைக் கொண்டுபோய்க் காட்டியிருக்கியா? அடுத்தவளுக்கு வைத்தியம் சொல்ல மட்டும் வாய் நீளுது."

நம் கடையில் ருசி பார்த்தவர் துப்பாமல் விழுங்கினால் பேரம் படிந்ததாகக் கணக்கு. வருடாவருடம் போய்க் காட்டுகிறேன் என்று நான் தலையாட்டியதும் நீங்கள் மாத்திரையைத் தண்ணீர் விட்டு விழுங்கி, வாயைத் திறந்து காட்டினீர்கள். "இனி மாறப்படாது."

முதுகெலும்பில் கண்ட பிறகு, மாத்திரை வீண்தானா என்று டாக்டரிடம் கேட்டேன். ஆபரேஷனுக்கு முன்பே சில செல்கள் கிளம்பியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நீங்கள் மாத்திரையை விடவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நேற்று போய் இந்த வருடத்து மேமோகிராம் எடுத்தேன். வலிக்கிறதா என்று நர்ஸ் கேட்டாள். ஒன்றும் தெரியவில்லை என்றேன். படத்திலும் ஒன்றும் இல்லையாம்.

நாம் பேசி முடித்தது இவ்வளவுதான்: தினம் ஒரு மாத்திரை உங்கள் பொறுப்பு, வருடம் ஒரு பரிசோதனை என் பொறுப்பு. ஒருத்தி போய்விட்டாலும் மற்றவள் நிறுத்தக் கூடாது.