நீ தேடிய திருத்தம்

அடியே,

இன்று காலை ஆபீசில் பசைப் புட்டியைத் திறந்தேன். அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியதும், காய்ந்த பசையை விரலிலிருந்து உரித்து, உருட்டி, நீ என்மேல் எறிவாயே, அது ஞாபகம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸின் இந்த மாடி வக்கீல் ஆபீசில் இப்போது நான் ஒருத்திதான் கிளார்க்.

எழுபதுகளில் இருவரும் ஒன்றாக இங்கே சேர்ந்தோம். சட்டம் மாறினால் புதிய வரிகள் அச்சடித்த சீட்டாக வரும். வக்கீலின் புத்தகத்தில் பழைய வரிகளின்மேல் ஒட்ட வேண்டும். நான் முழுதாகப் பசை தடவினால் கையில் ஒன்று போடுவாய். "ஓரத்துல மட்டும் ஒட்டுடி. பழைய கேஸ் வந்தா தூக்கிப் படிக்கணும்ல?" கல்யாணச் சட்டம் மாறியது, கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும் என்றார்கள். நிலச் சட்டம் மாறியது. சொத்துப் பங்கீடும் மாறியது. எல்லாம் நம் கையால் ஒட்டியவைதான்.

உன் வீட்டுக்காரர் உங்களை விட்டுவிட்டு செராஸில் வேறொருத்தியோடு குடியிருந்த காலம். உன் மகள் தேவியின் பள்ளியில் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போகிறார்கள். பாஸ்போர்ட்டுக்கு அம்மா கையெழுத்து செல்லாது, அப்பாதான் போட வேண்டும் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். மானத்தை விட்டு செராஸுக்குப் போய்க் கேட்டாய். அந்த மகராசன் மாட்டேன் என்றுவிட்டார்.

"சோறு போட நான் வேணும், சைன் பண்ண மட்டும் அவன் வேணுமாம் லா!"

மற்ற பிள்ளைகள் பஸ் ஏறிய நாளில் நாம் லீவு போட்டு, தேவியை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்கு அழைத்துப் போனோம். கடை கடையாக ஏறி இறங்கினோம். அவள் ஒரு துணியைக்கூடத் தொடவில்லை. நீ கடைக்காரரிடம் விலை பேசிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாய். அவளைத் திரும்பிப் பார்க்க உனக்குத் தைரியமில்லை.

அதற்குப் பிறகு எந்தத் திருத்தச் சீட்டுக் கட்டு வந்தாலும் நீதான் முதலில் பிரிப்பாய். "எனக்கு வந்திருக்கா பாரு." வராது. "ஊர்ல உள்ள சட்டமெல்லாம் மாறுது, என்னோடது மட்டும் அசைய மாட்டேங்குதுடி." சிரித்துக்கொண்டுதான் சொல்வாய்.

இன்று வந்துவிட்டதடி. பிள்ளையின்மேல் அப்பாவுக்கு உள்ள உரிமை அம்மாவுக்கும் உண்டாம். நான் மட்டும் உட்கார்ந்து ஒட்டினேன். பாவி, போய்ச் சேர இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதா?

கிள்ளானுக்குப் போன் போட்டு தேவியிடம் சொன்னேன். அவளுக்கே இப்போது கைக்குழந்தை. அதைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்: "அம்மாட்ட யார் ஆன்டி சொல்றது?"

"நான் சொல்றேன்மா."

சொல்லிவிட்டேன். அடுத்த கட்டு வந்தாலும், உனக்கு வந்திருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவேன். வேறு மாதிரி பிரிக்க எனக்குத் தெரியாது.