உடையாத கால்

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கு வார்டே சிரிக்கிற மாதிரி ஒரு காரியம் செய்தேன். ஸ்கூட்டரில் போன மகளை வேன் இடித்து, தொடை எலும்பு உடைந்து, கம்பி வைத்து நேற்றுத்தான் படுக்கைக்குக் கொண்டுவந்தார்கள். நர்ஸம்மா நீளமாக ஒரு வெள்ளைக் காலுறையை என்னிடம் கொடுத்து, "போட்டுடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே வருகிறவர்கள் போட வேண்டியது போலிருக்கிறது என்று பேன்ட்டைச் சுருட்டி, மூச்சைப் பிடித்து, முட்டிவரை ஏற்றிவிட்டேன். திரும்பி வந்தவர் என் காலைப் பார்த்தார். மகள் காலைப் பார்த்தார்.

"உங்களுக்கில்லப்பா. அவங்களோட உடையாத காலுக்கு."

படுத்தே கிடந்தால் ரத்தம் காலில் தேங்கி உறைந்துபோகுமாம். உறையின் இறுக்கம் அதை மேலே தள்ளுமாம். எனக்கு எங்கே தெரியும்?

அடிபட்ட பிறகு மகள் முதல்தடவையாகச் சிரித்தாள். சிரித்ததும் வலித்தது. என்னைத் திட்டினாள். சரி, பாதி லாபம்.

மார்ச் 6

ரத்தம் உறையாமலிருக்க தினமும் வயிற்றில் ஓர் ஊசி. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். வீட்டுக்காரி போனில் கேட்டாள்: "ஊசி அவளுக்கா, உங்களுக்கா?"

மார்ச் 8

"அப்பா, அந்தக் கால் வலிக்குது."

எந்தக் கால்? உடையாத கால். கெண்டைக்கால்.

"அதுக்கென்ன வலி? ரெண்டு காலும் ஒண்ணா லீவு கேட்டா எப்படி?" என்றேன். சிரிக்கவில்லை. உறைதான் இறுக்குகிறது என்று கழற்றிவிட்டேன். அமுக்கி விடட்டுமா என்றேன். "தொடாதீங்கப்பா, எரியுது."

மார்ச் 9

காலையில் பார்க்கிறேன், கெண்டைக்கால் வீங்கி, தோல் பளபளவென்று இருக்கிறது. ஓடினேன். நர்ஸம்மா டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார்.

"எப்போலேருந்து?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தே சொல்றதுக்கென்ன? மூச்சு வாங்குதா? நெஞ்சு வலிக்குதா?"

கேட்டது மகளிடம். இல்லை இல்லை என்று தலையாட்டியது நான்.

சின்ன டாக்டர் வந்து, ரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம் என்றார். ரத்த டெஸ்ட்டில் தெரியாதா சார் என்றேன். "எலும்பு உடைஞ்ச எல்லாருக்குமே அந்த டெஸ்ட்டு அதிகமாத்தான் காட்டும். ஸ்கேன்தான் சரியா சொல்லும்." கட்டி காலிலேயே இருந்தால் மருந்தில் பார்த்துக்கொள்ளலாம், பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விட்டால்தான் — அங்கே நிறுத்திவிட்டார். முழுசாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். மீதியை நானே விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஸ்கேன் மதியம்தானாம். வராந்தாவில் அங்கேயும் இங்கேயும் நடந்தேன். "உக்காருங்க சார், தரை தேயுது" என்றார் வாட்ச்மேன். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் நான். இன்றைக்கு, அசையாத கட்டடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அதே நாள், சாயங்காலம்

ஜெல் தடவி, கருவியால் அமுக்கிக்கொண்டே போனார் ஸ்கேன் டாக்டரம்மா. திரையில் கறுப்பாக ஒரு வட்டம். அதுதான் ரத்தக்குழாயாம். அமுக்கினால் நசுங்கியது, விட்டால் விரிந்தது. "இப்படி நசுங்கினா உள்ள ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்." நசுங்க நசுங்க எனக்குச் சந்தோஷம். முட்டிக்குப் பின்னால் வந்ததும் அமுக்கினார். வட்டம் அப்படியே நின்றது. இன்னொரு தரம் அமுக்கினார். நின்றது.

படிக்கட்டில் நின்றுகொண்டு யாரையும் ஏறவிடாத ஆளை எனக்குத் தெரியாதா? "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திக் கத்தித்தான் என் பிழைப்பே ஓடுகிறது. குழாயில் நிற்கிற இந்த ஆள் மட்டும் உள்ளே போகக் கூடாது.

உறையை நான் கழற்றினதாலா? டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"வலி வந்தப்புறம்தானே கழட்டினீங்க? அதுக்கு முன்னாடியே வந்திருக்கும். ஆனா காலை மட்டும் அமுக்கிடாதீங்க."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். எரியுது என்று அவள் சொல்லாமல் இருந்திருந்தால்?

மார்ச் 10

ஊசியின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். மத்தியானம் அவள் இருமினாள். நான் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. தண்ணீர் புரையேறியதாம்.

"இருமக்கூட விடமாட்டீங்களாப்பா?"

மார்ச் 11

இருமவில்லை.

மார்ச் 20

வீட்டுக்கு வந்துவிட்டோம். ஊசி போய் மாத்திரை. வீட்டுக்காரி வாசலிலேயே நின்று மகளின் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுன்னு சொல்லித் தொலைங்களேன்." ரெண்டும்தான் என்றேன்.

ஏப்ரல் 8, திங்கள்

மறு ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. இன்னும் இருக்கிறது. மாத்திரையை விடக் கூடாது.

இன்று டியூட்டியில் சேர்ந்தேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு மகள் கேட்வரை வந்தாள். "போய் யாரையாவது திட்டுங்கப்பா. வீட்டுல இருந்து எங்க உயிரை எடுக்காதீங்க."

முதல் டிரிப்பிலேயே கூட்டம். படிக்கட்டில் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "என்னண்ணே, தொண்டை கட்டிக்கிச்சா?"

"கெட்டியா புடிச்சுக்குங்க சார்" என்றேன் அந்த ஆளிடம். உள்ளே போகச் சொல்லவில்லை.