மேட்டில் கொதிக்கும் வண்டி

கூல்வாட்டர், அரிசோனா
ஜூன் 12, 1983

மெர்லுக்கு,

நான் நலம். நீயும் உன் அண்ணன் கோர்டனும் நலமாகத்தான் இருப்பீர்கள். டுலூத்தில் கெட்டுப்போக என்ன இருக்கிறது, ஊரே ஒரு குளிர்பெட்டி. கிறிஸ்துமஸ் அட்டைக்குப் பிறகு நான் எழுதவே இல்லை என்று நீ நினைத்திருக்கலாம். நினைத்திருக்காவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கடிதம் உன்னைப் பற்றியது அல்ல, வண்டியைப் பற்றியது.

நீ விட்டுப்போன பிக்கப் வண்டி கொதிக்கிறது. அடிவாரத்தில் டாயிலின் பெட்ரோல் பங்கில், பின்னால் ஏற்றிய தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் சாதுவாக நிற்கிறது. மலைச்சாலையில் பாதி ஏறுவதற்குள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஓரங்கட்டி நிறுத்தி, ஆறும்வரை காத்திருந்து, தொட்டித் தண்ணீரையே எடுத்து ஊற்றிவிட்டு மறுபடி ஏறுகிறேன். மேலே ஆறு வீடுகள் நம்பியிருக்கும் தண்ணீர் அது. ஊரின் பெயரில் இருக்கும் தண்ணீரைத் தவிர இங்கே வேறு தண்ணீர் இல்லை என்பது உனக்குத் தெரியாததா?

போன வாரம் ஹுல்டா யர்கன்ஸ் தன் தண்ணீர்ப் பீப்பாயை எட்டிப் பார்த்துவிட்டு, “வில்டா, என் கோழிங்க குடிக்க வேண்டியத உன் வண்டி குடிச்சுட்டு வருது. அது முட்டையாவது போடுமா?” என்றாள்.

உனக்கு இதைப் பற்றி ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
வில்டா ஸ்டாக்கர்ட்


டுலூத், மினசோட்டா
ஜூன் 19

அன்புள்ள வில்டாவுக்கு,

உன் கடிதத்தை கோர்டன்தான் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்தான். “உன் பொண்டாட்டி கையெழுத்துடா. பயமா இருந்தா நான் பிரிக்கட்டுமா?” என்றான். நானே பிரித்தேன்.

முதலில் ஒன்று. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதே. துணி சுற்றித் திறந்தாலும் முகம் வெந்துவிடும். கைபொறுக்கும் சூடு வரும்வரை காத்திரு. ஹுல்டாவின் கோழிகள் கொஞ்ச நேரம் தாகத்தோடு இருக்கட்டும்.

இங்கிருந்துகொண்டு வண்டியின் வாயைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் நீதான் சொல்ல வேண்டும். மேட்டில் மட்டும்தான் கொதிக்கிறதா, சமதரையில் வேகமாகப் போனாலும் ஏறுகிறதா? எஞ்சினை ஓடவிட்டபடி சும்மா நிறுத்திவைத்தால் முள் எங்கே நிற்கிறது? அதை முக்கியமாகக் கவனி. இனிப்பாக ஏதாவது வாடை வருகிறதா? எண்ணெய்க் குச்சியை உருவிப் பார்த்தால் எண்ணெய் எண்ணெயாக இருக்கிறதா, தண்ணீர் கலந்து பால் விட்ட காப்பி மாதிரி இருக்கிறதா? காப்பி மாதிரி இருந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதே, உடனே எழுது.

இங்கே ஏரிக்காற்று. நேற்று மாலை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டேன். வெறுப்பேற்றுவதற்காகச் சொல்லவில்லை. கோர்டன் தினமும் மீன்தான் சமைக்கிறான். மீனே கண்ணை மூடிக்கொள்ளும், அப்படிச் சமைக்கிறான்.

அன்புடன்,
மெர்ல்


கூல்வாட்டர்
ஜூன் 27

மெர்லுக்கு,

ஸ்வெட்டர் சமாச்சாரத்தை ஃபிடலுக்கு வாசித்துக் காட்டினேன். “ஐயோ பாவம், அவருக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். இங்கே நூற்றுப் பதினான்கு டிகிரி.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். எண்ணெய் நன்றாக இருக்கிறது, காப்பி இல்லை. இனிப்பு வாடை இல்லை. ஊருக்குள் மெதுவாகப் போனால் எந்தக் குறையும் இல்லை. நிறுத்திவைத்து ஓடவிட்டாலும் முள் நடுவிலேயே நிற்கிறது; ஒரு பத்திரிகை முழுதும் படித்து முடித்தேன், அசையவில்லை. சமதரையில் வேகம் கூட்டினால் மெல்ல ஏறுகிறது. மேட்டில் விரட்டினால் ஒரே ஓட்டமாக ஏறுகிறது. வேகத்தைக் குறைத்தால் தானாக இறங்கிவிடுகிறது.

டாயிலிடம் காட்டினேன். பானட்டைத் திறந்து வெகுநேரம் உள்ளே பார்த்தார், யாரோ தூங்குகிறார்கள் என்பதுபோல. பிறகு, சூடானதும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அடுத்த நாளும் கொதித்தது. போய்ச் சொன்னால், “மேடம், ஜூன் மாசத்துல அரிசோனால கொதிக்காதது என்ன இருக்கு? நானே கொதிக்கிறேன்” என்கிறார். ரேடியேட்டரின் முகத்தில் அப்பியிருந்த வெட்டுக்கிளிகளையெல்லாம் ஃபிடல் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டார். பார்க்க அழகாக இருக்கிறது. கொதிப்பது நிற்கவில்லை.

கடைசியில் டாயில் ஒரு வழி சொன்னார். மேடு ஏறும்போது ஹீட்டரைப் போட வேண்டுமாம், எஞ்சின் சூட்டை அது உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். நிஜமாகவே முள் கொஞ்சம் இறங்குகிறது. ஆனால் அன்று ஹுல்டா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். “நரகம் எப்படி இருக்கும்னு பாதிரியார் எவ்வளவோ சொல்லியிருக்காரு. அங்க ஹீட்டரும் போடுவாங்கன்னு சொல்லவே இல்லையே” என்று வழி நெடுக அழுதுகொண்டு வந்தாள்.

ஜூலை முழுதும் இப்படி ஓட்ட முடியாது. பாதித் தண்ணீர்தான் மேலே வந்து சேர்கிறது. எல்லோரும் ஒரே தண்ணீரில் பாத்திரமும் கழுவி, அதையே செடிக்கும் ஊற்றுகிறோம். யோசித்துச் சீக்கிரம் எழுது.

வில்டா


டுலூத்
ஜூலை 3

அன்புள்ள வில்டா,

நீ பத்திரிகை படித்துக்கொண்டே முள்ளைக் கவனித்தாயே, அதில்தான் விஷயம் இருக்கிறது. சும்மா நிற்கும்போது கொதித்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். விசிறியையும் பெல்ட்டையும் சந்தேகப்படலாம். உன் வண்டி நிற்கும்போது ஒழுங்கு, ஓடும்போதுதான் வம்பு. அப்படியென்றால் தண்ணீர் போதவில்லை. ஒன்று, ரேடியேட்டரின் உள்ளே அடைப்பு. இல்லையென்றால், ரேடியேட்டரின் அடியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய்.

எனக்குக் குழாய்மேல்தான் சந்தேகம். நேற்று கடையில் கோர்டனுக்குக் கெட்டியான மில்க்ஷேக் வாங்கிக் கொடுத்து, “மெதுவா உறிஞ்சு” என்றேன். வந்தது. “இப்ப வேகமா” என்றேன். காகித ஸ்ட்ரா சப்பிப்போய் ஒரு சொட்டு வரவில்லை. “பாத்தியா!” என்று நான் கத்தியதில் கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதேதான் வில்டா. எஞ்சின் வேகமாக ஓடினால் தண்ணீர் பம்பு பலமாக உறிஞ்சும். அந்தக் குழாய் சப்பிப்போகாமலிருக்க உள்ளே ஒரு சுருள்கம்பி இருக்கும். பழைய வண்டிகளில் அது துருப்பிடித்து உதிர்ந்துவிடும். டாயில் பார்க்கும்போது வண்டி நின்றுகொண்டிருக்கிறது, குழாயும் உருண்டையாகப் பாவனை காட்டுகிறது. அவர் மேல் தப்பில்லை.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு பேர் வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்கிக்கொள். பிறகு சமதரையில் நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று அந்த அடிக்குழாயைப் பார்க்க வேண்டும். நீ பார். தலைமுடியைக் கட்டிக்கொள், விசிறிக்குக் கிட்டே கை போகக் கூடாது.

மிதிக்கிற ஆள் யார் என்பது உன் இஷ்டம். கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே, யார் இந்த ஃபிடல்?

அன்புடன்,
மெர்ல்


கூல்வாட்டர்
ஜூலை 10

மெர்லுக்கு,

குழாய்தான்!

பரிசோதனைக்கு ஆறு வீட்டாரும் வந்துவிட்டார்கள். ஹுல்டா நாற்காலியும் குடையும் கொண்டுவந்து உட்கார்ந்தாள். ஃபிடல் மிதித்தார். ஃபிடல் பாக்கா யார் என்றால், போன குளிர்காலத்தில் பக்கத்து டிரெய்லர் வீட்டில் குடிவந்தவர், முடிதிருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. போதுமா?

வாழ்நாள் முழுதும் நடுங்காத கையோடு வேலை செய்தவருக்குக் கால்தான் நடுங்கியது. எறும்பை மிதிப்பதுபோல மிதித்தார். “இன்னும்!” என்றேன். “வெடிச்சுராதே?” என்றார். “வெடிச்சா முதல்ல எனக்குத்தான், மிதிங்க!” என்று கத்தினேன். மிதித்தார். என் கண்ணெதிரே அந்தக் குழாய், பல்செட்டைக் கழற்றிய வாய்மாதிரி ஒட்டிப்போனது. காலை எடுத்தார், பழையபடி உருண்டது. மறுபடி மிதிக்கச் சொன்னேன். மறுபடி ஒட்டியது. பிறகு ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஹுல்டா இரண்டு தடவை பார்த்தாள்.

டாயில் பழைய குழாயை அறுத்தார். சுருள்கம்பி இருந்த இடத்தில் துருப்பொடிதான் கொட்டியது. “எத்தன தடவ பாத்தேன்! அப்பல்லாம் நல்ல புள்ளையா இருந்துச்சே!” என்று அவருக்கு ஒரே மனவருத்தம். கம்பி வைத்த புதுக் குழாய் போட்டாகிவிட்டது. நேற்று தொட்டி நிறைய ஏற்றிக்கொண்டு, ஹீட்டர் போடாமல், ஒரு இடத்திலும் நிற்காமல் மேலே வந்தேன். முள் அசையவில்லை. நான் அசைந்துவிட்டேன். மேட்டு உச்சியில் வந்ததும் ஹாரனை விடாமல் அடித்தேன்.

மெர்ல், இன்னொன்று சொல்ல வேண்டும். நம் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பாதி சொல்லும்போதே மீதியை நீ சொல்லி முடித்துவிடுவாய். வீட்டைக் குளிர்விக்கும் கூரைக் கூலர் கெட்ட அன்றும் அப்படித்தான். “மோட்டார் போச்சு, ஊரே அடுப்பு, கிளம்பு டுலூத்துக்கு” என்றாய். வரவில்லை என்றேன். கோபித்துக்கொண்டு நீ மட்டும் போனாய். இந்த ஒரு மாதமாகத்தான் என்னிடம் கேள்வி கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்தாய். அது எனக்குப் பிடித்திருந்தது.

வண்டி சரியாகிவிட்டது. இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

வில்டா


டுலூத்
ஜூலை 18

அன்புள்ள வில்டா,

வண்டி சரியானதில் மிக்க மகிழ்ச்சி என்று எழுத உட்கார்ந்தேன். எழுதவும் எழுதிவிட்டேன். ஆனால் மகிழ்ச்சியாக இல்லை. காலையிலிருந்து மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறேனாம். “கவலப்படாதடா, பழைய வண்டிதானே, வேற ஏதாவது கெட்டுப்போகும்” என்று கோர்டன் ஆறுதல் சொல்கிறான்.

அது கெடும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. இரண்டு வருடம் தாமதமாகக் கேட்கிறேன். அன்றைக்கு நீ ஏன் என்னோடு வரவில்லை? நானாக ஒரு பதிலை நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அது சரியான பதிலா என்று உன்னிடம் கேட்கவே இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நான் வரலாமா? கோடை முடிந்த பிறகு அல்ல. இப்போதே.

இரண்டுக்கும் நீ பதில் எழுதும்வரை நான் எதையும் முடிவுசெய்ய மாட்டேன்.

மெர்ல்


கூல்வாட்டர்
ஜூலை 25

அன்புள்ள மெர்ல்,

முதல் கேள்விக்குப் பதில். நான் வந்திருந்தால் இந்த ஆறு வீட்டுக்கும் யார் தண்ணீர் கொண்டுவருவது? வேறு யாரிடமும் தொட்டி ஏற்றும் வண்டி இல்லை. இவ்வளவுதான். நீ வேண்டாம் என்று நினைத்து அல்ல. அதைச் சொல்ல வாயெடுத்தேன், நீ பெட்டியில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தாய். அதோடு, எனக்கு இந்த ஊர் பிடிக்கும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை.

கூரைக் கூலர் ஓடுகிறது. மோட்டார் போகவில்லை, பெல்ட்தான் அறுந்திருந்தது. நானே மாட்டினேன். ஆனாலும் வேர்க்கும், தெரிந்துகொண்டு வா.

பஸ் டாயில் பங்கில்தான் நிற்கும். வியாழக்கிழமைகளில் காலையில் தண்ணீர் எடுக்க இறங்குவேன், அன்றைக்கு வந்து சேர்வதுபோலப் பார்த்துக்கொள். டாயில் உன்னிடம் குழாய்க் கதையை முதலிலிருந்து சொல்வார், கேட்டுக்கொள். வண்டியை நான்தான் ஓட்டுவேன்.

நீ வருவதை நேற்று எல்லோரிடமும் சொன்னேன். வண்டிக்குப் பாரம் கூடும், உன் எடைக்குத் தகுந்தபடி அன்று தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும் என்றும் சொன்னேன். ஹுல்டா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். “குறைப்பியா? யாரு பங்குல?”

“எங்க வீட்டுப் பங்குல” என்றேன்.

வில்டா