பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு

3 பிப்ரவரி 1975, திங்கள்

இன்று டெலிபோன் டயலுக்குப் பூட்டுப் போட்டேன். இரும்புக் கடையில் கிடைத்தது, சுண்டுவிரல் நுனி அளவு. டயலின் முதல் துளையில் மாட்டிவிட்டால் டயல் சுழலாது. வருகிற போனை எடுக்கலாம், இங்கிருந்து யாரையும் கூப்பிட முடியாது.

வேறு வழியில்லை. லொரெடானா தன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவனோடு பேச உட்கார்ந்தால் உலகமே நின்றுவிடுகிறது. பாண்டு மாஸ்டர் மூன்று நாளாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் என் சலூனுக்கே வந்து, முகத்தில் சோப்பு நுரையோடு என்னைத் திட்டித் தீர்த்தார். புனித வெள்ளி ஊர்வலத்துக்கு ஒத்திகை தொடங்குகிறதாம். பெரிய மேளம் அடிக்கிற எனக்கே தகவல் வராவிட்டால் எப்படி?

"என்னை நம்பலையாப்பா?" என்றாள் மகள்.

"உன்னை நம்புறேன். உன் வாயைத்தான் நம்பல."

மிம்மா ஒன்றும் சொல்லவில்லை. இருபத்துநாலு வருஷத்தில் என் மனைவி வாயைத் திறக்காமல் இருந்தது ஒருநாளும் நல்லதில் முடிந்ததில்லை.

6 பிப்ரவரி, வியாழன்

மகள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதற்குத்தானா ஆசைப்பட்டேன்?

10 பிப்ரவரி, திங்கள்

சலூன் விடுமுறை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். நடையிலிருந்து ஒரு சத்தம். டக், டக், டக். கொஞ்சம் இடைவெளி. டக், டக், டக், டக். குழாய் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு நீளமான தட்டல், அப்புறம் மிம்மாவின் தணிந்த குரல், யாரிடமோ பேசுகிறது.

எழுந்து போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது. ரிசீவரை வைத்தால் அமுங்குமே, அந்த வெள்ளைப் பொத்தான், அதை ஒற்றை விரலால் தட்டித்தான் கூப்பிட்டிருக்கிறாள். மூன்று தட்டினால் மூன்று. நாலு தட்டினால் நாலு. பூஜ்யத்துக்குப் பத்துத் தட்டு. எக்ஸ்சேஞ்சுக்கு டயலும் ஒன்றுதான், விரலும் ஒன்றுதான் போலிருக்கிறது. மகளுக்குப் பூட்டுப் போட்டேன், தாய் கூரை வழியாக இறங்குகிறாள்!

கோபம் வர வேண்டும். சிரிப்புத்தான் வந்தது. போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

17 பிப்ரவரி, திங்கள்

இன்று பென்சிலோடு படுத்தேன். எண்ணுவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மூன்று, நாலு, பத்து, இரண்டு, ஐந்து, ஒன்று.

340251.

பாரி நகரத்தில் இருக்கும் என் அண்ணன் கத்தால்தோ வீட்டு நம்பர் அது.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். புனித வெள்ளி. சாவு இசை வாசித்தபடி மாதா சிலைக்குப் பின்னால் போகிறோம். அண்ணன் கிளாரினெட், பின்வரிசையில் நான் மேளம். நடுத்தெருவில் அண்ணன் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி, "டேய் சபீனோ! மாதா மகனைப் பறிகொடுத்துட்டு அழுதுட்டுப் போறா, பஸ்ஸைப் பிடிக்கப் போகல!" என்றார். தெருவே சிரித்தது. சிலையைத் தூக்கி வந்தவர்களும் சிரித்தார்கள், சிலை ஆடியது. அந்தப் பாண்டில் இருபது வருஷம் தாளம் பிடித்தவன் நான். தாளம் தப்பினேன் என்று ஊர் நடுவில் சொன்னால்?

மறுநாள் போன் வந்தது. "தம்பி," என்றார். அவ்வளவுதான் கேட்டேன். ரிசீவரைக் கீழே வைக்கக்கூடப் பொறுமையில்லை, அந்தப் பொத்தானை விரலால் அமுக்கினேன். அவர் திரும்பக் கூப்பிடவேயில்லை. பாண்டையும் விட்டுவிட்டார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

பொய். என் நோட்டில் நானே எதற்குப் பொய் எழுத வேண்டும்?

18 பிப்ரவரி, செவ்வாய்

மிம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன். அவள் தலை நிமிரவேயில்லை.

"தூங்குறவன் குறட்டை விடுவான். நீ விடல. நேத்தே தெரியும் எனக்கு."

"எத்தனை நாளா நடக்குது?"

"நீ அமுக்குன மறுநாள்லேருந்து. வீட்டுக்கு ஒரு ஆளாவது மனுஷனா இருக்க வேண்டாமா?"

பிறகு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள். அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. மார்ச் 4 அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிடுவார்களாம். உயிர் பிழைப்பார். பேச்சு வராது. கிளாரினெட் இனிமேல் இல்லை.

"ரெண்டு வாரம் இருக்கு சபீனோ. அந்தக் குரல் இருக்கும்போதே கேட்டுக்கோ."

"அவரே கூப்பிடட்டுமே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

"அவரு கூப்பிட்டாரு. நீதான் அமுக்குன."

23 பிப்ரவரி, ஞாயிறு

பூட்டைத் திறந்தேன். மூன்று, நாலு சுழற்றினேன். திரும்பப் பூட்டினேன்.

27 பிப்ரவரி, வியாழன்

இன்று முழு நம்பரும் சுழற்றினேன். அண்ணி ரீனா எடுத்தாள். "யாரு?" என்றாள். என் விரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. மிம்மாவிடம் சொல்லவில்லை. வெட்கக்கேடு.

2 மார்ச், ஞாயிறு

நாளைக் காலை அண்ணன் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். இன்று விட்டால் கிடையாது. ஒத்திகை முடிந்து ஓட்டமும் நடையுமாக வந்து பையில் கை விட்டால் டயல் பூட்டின் சாவி இல்லை, ஓட்டைதான் இருக்கிறது. எங்கள் ஊர் ரூவோவின் எந்தச் சந்தில் விழுந்ததோ! இந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்? பூட்டுப் போட்டவனே வெளியே நிற்கிறேன்.

வேறு வழியில்லாமல் நானும் தட்டினேன். முதல் தடவை யாரோ ஒரு பெண் எடுத்தாள். "கத்தால்தோவா? செத்துப் போய் ஒன்பது வருஷமாச்சு, யார்யா நீ?" என்றாள். அவளுக்கும் ஒரு கத்தால்தோ. இரண்டாவது தடவை ஒரு பேக்கரி. மூன்றாவது தடவை ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல்.

மிம்மா வந்து பின்னால் நின்றாள். லொரெடானாவும் வந்துவிட்டாள்.

"மேளம் அடிக்கிறவருக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியலையே!" என்றாள் மகள்.

"எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

"எண்ணுற. ஆனா ஓடுற," என்றாள் மிம்மா. "பொத்தான் மேல வர்றதுக்குள்ள அடுத்த தட்டு. ரெண்டு தட்டு ஒண்ணா ஒட்டிக்குது. நீ பத்துன்னு நினைச்சு அடிக்கிற, அங்க எட்டுதான் போய்ச் சேருது."

நான் ஓடுகிறேன். இருபத்துமூன்று வருஷமாக மேளம் அடிக்கிறேன், எக்ஸ்சேஞ்சில் இருக்கும் மிஷின் சொல்கிறது நான் ஓடுகிறேன் என்று. அதற்கு என்மேல் என்ன பகை?

மிம்மா என் தோளில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தட்ட ஆரம்பித்தாள். புனித வெள்ளி ஊர்வல நடை. அவள் தட்டத் தட்ட நான் தட்டினேன். மூன்று. நாலு. பத்து, பொறுமையாகப் பத்து. மணி போயிற்று.

"யாரு?" தேய்ந்த குரல். காற்றுதான் அதிகம்.

என் விரல் மறுபடி பொத்தான் பக்கம் போயிற்று.

"சபீனோ," என்றார். "விரலை எடுத்துட்டுப் பேசுடா."

நான் அழுதேன், எழுதிவிடுகிறேன். "அண்ணே, நான் அன்னிக்கு வேகமாத்தான் அடிச்சேன்."

"எனக்குத் தெரியும். மாதாவுக்கே தெரியும்." சிரிப்பு இருமலில் முடிந்தது.

"மறுநாள் மன்னிப்புக் கேக்கத்தானே கூப்பிட்ட? கேக்காம அமுக்கிட்டேனே..."

"மன்னிப்பா? எதுக்கு? ஈஸ்டருக்கு ஆட்டுக்கறி இருக்கு, சாப்பிட வாடான்னு சொல்லக் கூப்பிட்டேன்."

மூன்று வருஷம்! ஒரு ஆட்டுக்கறிச் சாப்பாட்டின் மேல் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தேனே, மடையன்.

என்னென்னவோ பேசினோம். மிம்மா நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அம்மா செய்யும் அத்திப்பழ ஊறுகாயில் தொடங்கி அண்ணன் பழைய கதைகளாகச் சொல்லிக்கொண்டே போனார், பேசாதே வலிக்கும் என்றாலும் கேட்கவில்லை. கடைசியில், "சரி, நீ வை," என்றார்.

"நீ முதல்ல வைண்ணே."

"நீதான்டா அதுல கெட்டிக்காரன்."

இரண்டு பேரும் வைக்கவில்லை. அண்ணி வந்து அவர் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

4 மார்ச், செவ்வாய்

இரும்புக் கடையில் குறடு வாங்கி வந்து பூட்டை வெட்டி எறிந்தேன். சலூனைத் திறக்காமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நாலு மணிக்கு அண்ணி கூப்பிட்டாள். பிழைத்துவிட்டார்.

28 மார்ச், புனித வெள்ளி

மெதுவாக அடித்தேன். மாஸ்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா சபீனோ?" என்று கேட்டார்.

21 ஏப்ரல், திங்கள்

சாப்பிட்டு முடிக்கும்போது மணி அடித்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. லேசாக ஒரு காற்றுச் சத்தம், சீழ்க்கை மாதிரி. அண்ணியின் குரலும் இல்லை. அவள் திங்கட்கிழமை சந்தைக்குப் போய்விடுவாள், வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருப்பார்.

உட்கார்ந்தேன். மாஸ்டர் என்னைக் கேட்டதைச் சொன்னேன். சலூனுக்கு வந்த நோட்டரி தலையில் மிச்சமிருக்கும் ஏழு முடிக்கு ஃபேஷன் கேட்டதைச் சொன்னேன். லொரெடானா கல்யாணம் செப்டம்பரில் என்று சொன்னேன். காற்றுச் சத்தம் நடுவில் வேகமாயிற்று. சிரிக்கிறார்.

மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போகும்போது நின்றாள்.

"யார்கூடப்பா இவ்வளவு நேரம்?"

"பெரியப்பாகூட."

"அவராலதான் பேச முடியாதே?"

"அதனாலதான் நான் பேசுறேன்."

அவர் வைக்கட்டும் என்று காத்திருந்தேன். அவர் வைக்கவில்லை. அன்று அவர் சொன்ன பழைய கதைகளை, அம்மா செய்யும் அத்திப்பழ ஊறுகாயிலிருந்து, நான் திரும்ப ஆரம்பித்தேன்.