மூக்கு தெரிகிற வண்டி

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
18 மே 1997

மரியாதைக்குரிய மச்சான் கிட்டுசாமி அவர்களுக்கு,

வணக்கத்துடன் சேனாபதி எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை சாரதா, மகள் யாமினி மூவரும் சுகம். நான்காவதாக வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்கிறாள். பதற வேண்டாம், அவளுக்கு நான்கு சக்கரம். சாந்தாமணி அக்காவின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

செய்தி உங்களுக்கு முன்பே எட்டியிருக்கும். நாற்பத்தொன்பது வயதில் சேனாபதிக்குப் புத்தி பிசகி, முப்பது வருஷத்துப் பழைய மஸ்டாங் காரை வாங்கிவிட்டான் என்று இங்கே இருக்கிற நம் ஊர்க்காரர் மகாதேவன் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. கோயில் கேன்டீனில் புளியோதரைக்கு நிற்கும் வரிசைதான் அவருக்கு வானொலி நிலையம். "மொதல்ல தலைக்கு டை, இப்ப வாசல்ல மஸ்டாங். அடுத்தது என்னவோ!" என்றாராம். டை விஷயம் உண்மை. யாமினி தன் பங்குக்கு, "டாட், திஸ் இஸ் ஸோ எம்பாரஸிங்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மையை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். போன வருஷம் ஜனவரிப் பனியில் 287 ஃப்ரீவேயில் சாரதாவின் கார் ஒரு முழு வட்டம் சுற்றி, ஓரத் தடுப்பில் முட்டி நின்றது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் அன்றோடு ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டாள். காரை விற்றோம். அந்த வழியில் பார்சிப்பனி ஊரில் பார்த்த வேலையையும் விட்டாள். இந்த ஊரில் கார் ஓட்டாதவர் வீட்டுச் சிறையில் இருப்பவர். கொத்தமல்லிக்கட்டு வாங்கக்கூட நான் சாரதியாக வேண்டும்.

நானும் எத்தனை நாளைக்கு? மார்கழியில் கண் டாக்டர் எனக்கு க்ளாக்கோமா, அதாவது கண் அழுத்த நோய் என்றார். சொட்டு மருந்து விடுகிறேன். இருட்டினால் ஓட்டக் கூடாது. ஓரப் பார்வை இன்னும் குறைந்தால், ஓரிரு வருஷத்தில் பகலிலும் கூடாது. சாரதாவிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லாதீர்கள், அக்காவுக்குத் தெரிந்தால் அடுத்த பத்தாவது நிமிஷம் இங்கே ஃபோன் அடிக்கும்.

அவளை எப்படி மறுபடி ஓட்ட வைப்பது என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, வழி காட்டியது அவளேதான். கடைத்தெரு மைதானத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரப் பாட்டி ஆசையாகக் கூப்பிட, சாரதா ஒரு காருக்குள் உட்கார்ந்தாள். கை தானாகப் போய் ஸ்டியரிங்கில் நின்றது. "ஏனுங்க, இதுல வண்டியோட மூக்கு தெரியுதுங்க! இப்ப வர்ற காருல கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒண்ணுமே இல்ல, பள்ளந்தான். இது எங்கண்ணன் அம்பாசடராட்டவே இருக்குது" என்றாள். பொள்ளாச்சி ரோட்டில் நீங்கள் அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த வண்டி அல்லவா!

அன்று ஆரம்பித்தது என் ஆராய்ச்சி. சனிக்கிழமை தோறும் சோபா தலையணை ஒன்றை எடுத்துக்கொண்டு பழைய கார் பார்க்கப் போனேன். சாரதாவின் ஐந்தடி உயரத்துக்கு என்னைக் குறுக்கிக்கொண்டு, தலையணை வைத்தும் எடுத்தும் பார்ப்பேன். மீசை வைத்த ஆசாமி சீட்டுக்குள் பதுங்கிப் பதுங்கி எழுவதைப் பார்த்து ஒரு விற்பனைக்காரர் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். கமாரோ என்ற காரில் அந்த உயரத்துக்கு டேஷ்போர்டு தரிசனம்தான். சார்ஜர் என்ற கார் நம் வீட்டுக் கராஜை விட நீளம். அதன் மூக்கு தெரிய வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் நின்று பார்க்க வேண்டும். 66-ஆம் வருஷத்துப் பச்சை மஸ்டாங்கில் மூக்கின் இரண்டு பக்க ஓரமும் நடு மேடும் கோடு போட்டதுபோல் தெரிந்தன. வாங்கிவிட்டேன், சாரதா பெயரில்.

வண்டியை ஆம்பூர்க்கார மெக்கானிக் நூர் அகமதுவின் கராஜில் விட்டேன். அவர் கண்ணில் பெருநாள் வெளிச்சம். "சார், V8 எஞ்சின் இருக்கு. கொஞ்சம் வேலை செஞ்சா முந்நூறு குதிரை வரும், ரோடே நடுங்கும்!" என்றார். இருக்கிற குதிரைகளே அதிகம், அவற்றைத் தூங்க வையுங்கள் என்றேன். முகம் வாடிவிட்டது. முன்னால் டிஸ்க் பிரேக், பவர் ஸ்டியரிங், தோளோடு கட்டும் பெல்ட், நல்ல டயர், ஏ.சி. இவ்வளவுதான் கேட்டேன். உங்கள் பட்டறையில் அம்பாசடருக்கு டீசல் எஞ்சின் மாற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவீர்களே, அதே வேலைக்கு இங்கே தனிப் பெயர், தனிப் பத்திரிகை, பக்கத்துக்குப் பக்கம் கலர் படம்.

போன ஞாயிறு கோயிலில் வண்டிக்குப் பூஜை. வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவரேதான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும் என்று அர்ச்சகரைச் சொல்ல வைத்திருந்தேன். சாஸ்திரத்தில் அப்படி உண்டா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாரதா என்னை முறைத்தாள். சாமி காரியம், மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தாள். நான்கு பழமும் நசுங்கின. நிறுத்துவாள் என்று பார்த்தால், கார் நிறுத்துமிடத்தை ஒரு சுற்றுச் சுற்றப் போய்விட்டாள்!

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகாதேவனைப் பார்த்துச் சிரித்தபடியே நடந்தேன். திடீரென்று டயர் கிறீச்சிட்டது. திரும்பினால், என் வலது இடுப்புக்கு ஒரு முழத் தூரத்தில் பச்சை மூக்கு. ஹாரன் அடித்துக்கொண்டேதான் வந்தாளாம். திருமஞ்சன மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பார்க்கவுமில்லை, மச்சான். அவ்வளவு பெரிய வண்டி, என் வலது பக்கத்தில் இல்லவே இல்லை.

சாரதா இறங்கி என் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். "பிரேக் நல்லாப் புடிக்குதுங்க" என்றாள். பிறகு, "நீங்க அந்தப்பக்கம் உக்காருங்க" என்றாள்.

வீடு வரை அவள்தான் ஓட்டினாள், மாட்டுவண்டி வேகத்தில். இங்கே ஸ்டியரிங் இடது பக்கம், அதனால் நான் வலது சீட்டில். பின்னால் மகாதேவன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு வருஷமாக நான் ஓட்டும்போதெல்லாம், "வலது பக்கம் லாரி வருது, பாத்துங்க" என்று சொல்லிக்கொண்டே வருவாள். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்வேன். அது யாருக்கான பயம் என்று அன்றுதான் புரிந்தது. இப்போதெல்லாம் காலையில் சாவியை எனக்கு முன்னால் அவளே எடுத்துக்கொள்கிறாள்.

உள்ளூர்த் தெருக்களில் ஓட்டுகிறாள். 287 பக்கம் போக மட்டும் மாட்டேன் என்கிறாள். பழைய வேலைக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு அந்த வழிதான். கார் விஷயத்தில் அவள் நம்புகிற வாய் உலகத்தில் உங்களுடையது ஒன்றுதான். "பிரேக்கெல்லாம் சரியாப் போட்டிருக்காங்க, தைரியமா எடு அம்மிணி" என்று உங்கள் கைப்பட அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள், போதும். என் கண்ணைப் பற்றி வேண்டாம். அது நான் சொல்ல வேண்டியது. 287-ல் அவள் முதல் முறை ஏறி, பயம் தெளிந்த பிறகு, சொல்லலாம் என்றிருக்கிறேன்.

சீக்கிரம் எழுதுங்கள் மச்சான்.

வலது பக்க சீட்டிலிருந்து,
உங்கள் அன்புள்ள
சேனாபதி