ப்ளூடூத்துக்கு ஐந்து சொல்

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. குர்லா ஸ்டேஷன் வாசலில் முழங்கால் தண்ணீர். இடது செருப்பு போயே போச்சு. ஆபீசில் ஏசி வேறு.

ஆனால் வேலை முடிந்தது! பிபி மெஷினும் போனும் ப்ளூடூத்தில் பேசிக்கொள்ள, இனி ஆப் எழுதுகிற யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஐந்து சொல் போதும். தேடு, சேர், கேள், விடு, நாலும் இங்கிலீஷில். ஐந்தாவதுக்கு மட்டும் என் இஷ்டப்படி பெயர், இங்கிலீஷ் எழுத்தில் 'பைய', எங்கள் ஊர்ப் பேச்சில் மெதுவாக. ஒன்றுக்குப் பதில் வருமுன் அடுத்ததைக் கேட்டால் மெஷின் மக்கர் பண்ணும். இது அடுத்ததை நிறுத்திவைக்கும். தாராவி சந்தில் இறங்கும்போதெல்லாம் அம்மா கத்துவதுதான்: "பைய போட்டி, வழுக்கும்!"

சார் போன மாசமே சொல்லிவிட்டார், இதை யார் தீர்க்கிறாரோ அவர்தான் புது டீமுக்கு லீடர். அப்படியானால் நான்தான். நானேதான்.

வித்யாவிடம் மட்டும் காட்டினேன். மாட்டுங்காக்காரி, பக்கத்து சீட், ஆபீசில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள். "எப்படிடீ இவ்ளோ ஈஸியாப் பண்ணினே? எனக்கு அனுப்பேன், ஆத்துல பாக்கறேன்." அனுப்பினேன்.

ஜூலை 8

காய்ச்சல். நனைந்ததுதான். கஞ்சி, துவையல், தூக்கம். வித்யா போன்: "நீ ரெஸ்ட் எடு. சார் கேட்டுண்டே இருக்கார், நானே காட்டிடறேன்." நல்ல மனசு.

ஜூலை 10, வியாழன்

இன்று ஆபீஸ். மீட்டிங். திரைக்கு முன்னால் வித்யா. திரையில் என் ஐந்து சொல்.

சார்: "யே பையா க்யா ஹை?" பையா என்றால் என்னவாம்.

அவள் கண்கூட இமைக்கவில்லை. "பஹியா, சார்." சக்கரமாம்! கட்டளைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருக்குமாம், அதனால் அந்தப் பெயராம். இந்தியில் விளக்கினாள். பம்பாயிலேயே வளர்ந்தவள், எங்கள் திருநெல்வேலிப் பேச்சு தெரியாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பாள்? கேட்டால் அது என்னுடையது ஆகிவிடுமே.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், மடச்சி. தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

பாவி. படுபாவி.

ஜூலை 11, வெள்ளி

லேடீஸ் பாத்ரூம் வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"யார் பண்ணினதுன்னு சார் கேட்டப்போ நான் 'ஹம்'னுதாண்டீ சொன்னேன். நாம ரெண்டு பேரும்னு அர்த்தம். அவர் என்னை மட்டும்னு எடுத்துண்டார்."

இந்த ஊரில் 'ஹம்' என்றால் நானும்தான், நாமும்தான். எவ்வளவு வசதி!

"அங்கனயே திருத்திருக்கலாம்லா? இப்பம் வா, சொல்லுவோம்."

"இப்போ சொன்னா என் மானம் போயிடும். டீமுக்கு உன்னைத்தான் முதல்ல கேப்பேன், ப்ராமிஸ்."

என் வீட்டுக்கே என்னை விருந்துக்குக் கூப்பிடுகிறாள்.

நேராக சாரிடம் போனேன். அழக்கூடாது என்று போய் அழுதுவிட்டேன். திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டு முடிவு சொல்கிறேன் என்றார். நியாயமான மனிதர். நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கியது.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலில் பாதிரியாரின் பிரசங்கம், மன்னிப்பைப் பற்றி. எனக்கென்றே வைத்த மாதிரி. வெளியே வந்ததும் அம்மா: "மன்னிச்சு விட்டுருட்டி. நம்ம தமிழ்ப் பிள்ளதானே."

மன்னிக்கலாம். அவள் முதலில் கேட்கட்டும்.

ஆட்டுக்கறி. சாப்பிட முடியவில்லை. யாரோ ஊர் பேர் தெரியாதவர் செய்திருந்தால் இப்படி எரியாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டபோது கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்.

ஜூலை 14, திங்கள்

மழை இல்லை. புழுக்கம்.

மீட்டிங். கிளையன்ட் ஆளும் வந்திருந்தார். சார் கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தேன். முதலில் டெமோ என்றார். மேஜையில் இரண்டு பிபி மெஷின், ஒன்றை மட்டும் போட்டதும் ஓடியது. கிளையன்ட், "ரெண்டையும் சேர்த்துப் போடுங்க" என்றார். போட்டார்கள். அப்படியே நின்றுவிட்டது.

வித்யா பட்டனை அழுத்துகிறாள், அழுத்துகிறாள். வியர்க்கிறது. எனக்கு 'பைய'வில் ஒரே வரி மாற்ற வேண்டிய வேலை, பார்த்ததுமே தெரிந்தது. அவள் என் பக்கம் திரும்பி, தமிழில், மெதுவாக: "டீ, ப்ளீஸ். நீ பாரேன்."

அந்த 'டீ'யில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது. எழுந்தேன். எல்லோருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னேன்: "அது வித்யாவோட கோட். எனக்கு அதைப் பத்தி எதுவும் தெரியாது."

நல்லா வேணும் அவளுக்கு! ஒரு நிமிஷம் அவ்வளவு இனிப்பாக இருந்தது.

சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பின்னே வெள்ளிக்கிழமை என்கிட்ட வந்து எதுக்கு அழுதே?"

உட்கார்ந்துவிட்டேன்.

"சலோ, அது அவ கோட்னு நீயே சொல்லிட்டே. வித்யா, சரி பண்ண ரெண்டு நாள் எடுத்துக்கோ. லீடர் நீதான்."