ஃபிலிம்மேல் நிற்காத மை

பிப்ரவரி 6

அச்சு மெஷினில் மை பீய்ச்சும் நாசில் மறுபடியும் அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து மெஷின்காரர் பஞ்சும் கையுமாக நின்றார். பிசினைக் கூட்டினால் நான் செய்கிற மை பிளாஸ்டிக்கில் ஒட்டுகிறது, ஆனால் நாசிலுக்குள்ளேயே காய்ந்துவிடுகிறது. குறைத்தால் நாசில் சுகமாக ஓடுகிறது, அச்சு ஈரக்கையோடு வந்துவிடுகிறது. அட்டையில் இந்த வம்பே இல்லை. தண்ணீரை அட்டை குடித்துக்கொள்ளும், பிசினும் நிறமும் மேலே தங்கிவிடும். பிளாஸ்டிக் ஃபிலிம் எதையும் குடிக்காது. அதற்குத் தனிப் பிசின் வேண்டும் என்று எத்தனை முறைதான் சொல்வது?

பிப்ரவரி 9

எங்கள் மேலாளருக்கு லேபில் வைத்த பெயர் 'ஆயிடும் சார்'. யார் என்ன கேட்டாலும் "ஆயிடும்" என்பார். இன்று மருந்து கம்பெனிக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அட்டைப்பெட்டி, உள்ள போற சாஷே, ரெண்டுக்கும் ஒரே மை. தண்ணி மை. வாசனையே இருக்காது. ஆயிடும்."

நான் எதிரில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சாஷே என்றால் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்து அடைக்கிற சின்ன பிளாஸ்டிக் பை. எந்த எடைக்கு எவ்வளவு கொடுப்பது என்பது அதன்மேல்தான் அச்சாகப்போகிறது. அழிந்துபோனால்? பெற்றவள் குத்துமதிப்பாக ஊற்றுவாளா?

பிப்ரவரி 10

வயிறு எரிகிறது. வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

பிப்ரவரி 15

கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டின் அச்சை எச்சில் விரலால் தேய்த்துப் பார்த்தேன். தொழில் புத்தி. "வாங்கப் போறீங்களா, அழிக்கப் போறீங்களா?" என்றார் கடைக்காரர். கூட வந்த என் வீட்டுக்காரருக்கு மானம் போய்விட்டதாம். சாப்பிடும்போது ஆரம்பித்தார்.

"உன் பாட்டுக்கு வேலையப் பாரு. சொல்றது அவரு. மாட்டினா அவருதானே மாட்டப்போறாரு?"

இல்லை. மாட்டப்போவது மருந்து குடிக்கிற பிள்ளை. இது ஏன் யாருக்கும் உறைக்கமாட்டேன் என்கிறது?

பிப்ரவரி 20

அச்சு நிற்கிறதா என்று பார்க்க ஒரு டேப் சோதனை உண்டு. டேப்பை அச்சின்மேல் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று பிடுங்க வேண்டும். மை டேப்போடு வந்தால் தோல்வி. இன்று ஆயிடும் சார் தானே செய்து பார்த்தார். எப்படி? குழந்தையின் காயத்திலிருந்து பிளாஸ்திரி எடுப்பதுபோல. ஓரத்தைத் தூக்கி, மெதுவாக, மெதுவாக. மை அசையவில்லை.

"பாத்தியாம்மா, நிக்குது."

"சார், வேகமா இழுக்கணும்."

"இதெல்லாம் கைப்பக்குவம்மா. வியாழக்கிழமை அவங்க முன்னாடி நானே செய்றேன். நீ சும்மா பக்கத்துல நில்லு."

சும்மா நிற்க வேண்டுமாம். நான் என்ன துணிக்கடை வாசல் பொம்மையா? மோசடிக்குப் பேர் கைப்பக்குவமா?

பிப்ரவரி 26



மருந்து கம்பெனியிலிருந்து தரம் பார்க்கும் அம்மா வந்திருந்தார். அதிகம் பேசாதவர். முதலில் அட்டை. அப்பழுக்கு இல்லை. அது என் மை, பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து சாஷே. ஆயிடும் சார் டேப்பை ஒட்டி, ஓரத்தைத் தூக்கி, மெதுவாக இழுத்தார். அந்த அம்மா குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான், ஊர் முழுக்க இது போய்விடும் என்று தோன்றியது.

தாங்கமுடியவில்லை. இன்னொரு துண்டு டேப்பைக் கிழித்துப் பக்கத்திலேயே ஒட்டினேன். பிடுங்கினேன். மருந்தின் அளவு போட்ட வரி மொத்தமும் டேப்பில். சாஷேயில் வெறும் பளபளப்பு.

அந்த அம்மா டேப்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்த மை யாரு செஞ்சது?"

"நான்தாங்க."

"நீங்களே பிச்சுக் காட்டுறீங்க?"

"ஃபிலிமுக்கு வேற பிசின் வேணுங்க. நேரம் குடுத்தா செய்வேன்."

ஆயிடும் சார் சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காபி சொன்னார். எனக்கு மட்டும் வரவில்லை.

பிப்ரவரி 27

ஸ்டோருக்கு மாற்றியாயிற்று. மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லையாம். இனி பீப்பாய்களுக்குக் காவல். லேப் சாவியை வாங்கும்போது மெஷின்காரர் தரையைப் பார்த்தார். யார்மேல் கோபப்படுவது? நான் செஞ்சது தப்பா? தப்புன்னா தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்.

மார்ச் 16

அட்டைக்கு ஆர்டர் வந்துவிட்டது. சாஷேக்குப் பொறுத்திருக்கிறோம், ஆனால் அந்தப் பெண்தான் செய்ய வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம். ஆயிடும் சார் லேப் சாவியோடு ஸ்டோர் வாசல்வரை வந்தார். "உனக்காக எவ்வளவு பேசினேன் தெரியுமா?" நாக்குக் கூசவேயில்லை.

ஜூன் 3

ஃபிலிம்மேல் மை நின்றுவிட்டது. நாசிலுக்குள் துகள் துகளாகவே இருக்கிற பிசின், சூடான காற்று பட்டதும் ஃபிலிம்மேல் இளகி ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. மெஷின்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு டேப்பைப் பிடுங்கினார். மூன்று பேர் மாறி மாறிப் பிடுங்கினோம்.

செப்டம்பர் 18

வாடிக்கையாளர் கூட்டம். மேடையில் ஆயிடும் சார்: "ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு பிசின். ஆரம்பத்துலேர்ந்தே நான் சொல்லிட்டு வர்றது இதுதான்." கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வார்த்தை, ஓர் எழுத்துகூட மாறவில்லை. மெஷின்காரர் காதருகே, "நல்லவேளை, உங்க குரல்ல பேசல" என்றார். சிரித்துத் தொலைத்தேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 11

மத்தியானம் அக்கா போன் செய்தாள். சின்னவனுக்குக் காய்ச்சலாம்.

"இரு, மருந்து குடுத்துட்டுப் பேசுறேன்."

"என்ன மருந்து?"

"டாக்டர் எழுதினது. நீலக் கரை போட்ட சாஷே. ஃபிரிட்ஜ்லேர்ந்து இப்பத்தான் எடுத்தேன், வேர்த்து வழியுது."

நீலக் கரை என்றால் எங்கள் சாஷேதான். உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டேன். "அதுமேல அளவு என்ன போட்டிருக்கு?"

"எட்டு கிலோலேர்ந்து பத்து கிலோ வரைக்கும் அஞ்சு மில்லி. அதுக்கு மேல ஏழரை."

"தெளிவா தெரியுதா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்டி இருக்கு."

"இன்னொரு தடவை படி."

"எதுக்குடி?"

"சும்மா. படியேன்."

அக்கா முனகிக்கொண்டே முதல் வரியிலிருந்து படித்தாள்.